மரக்காணத்து லிங்கனின் வாரிசுகள்

அமெரிக்காவின் பதினாறாவது ஜனாதிபதி மரக்காணத்தில்தான் காலமானார் என்று வாரிசு மெய்ப்பு மையத்தின் கணினி கண்டுபிடித்தபோது, அவருடைய ஒரே மகள் அந்தோணிமேரி அந்த மேசைக்கு முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள். காலெல்லாம் உப்பு வெடிப்பு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

அவளுடைய அப்பா பெயர் ஆபிரகாம் லிங்கன். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் தெருவுக்கு ஒரு நெப்போலியனாவது இருப்பார். கோயில் பள்ளிக்கூடத்தில் மணியடித்துக்கொண்டிருந்த தாத்தா, ஐந்தாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டபோது ஒரு பெயர் பிடித்துப்போய், பிறந்த பிள்ளைக்கு வைத்துவிட்டார். அந்தப் பிள்ளை அறுபத்தெட்டு வயதுவரை உப்பளத்தில் உழைத்தார். இருபத்திரண்டு வருஷம் உப்புத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பிரசிடெண்டாக இருந்தார். போன ஐப்பசியில் குடலில் ஆபரேஷன் நடந்தபோது இறந்துபோனார். மனைவி மேரி அதற்கு ஏழு வருஷம் முன்பே போய்விட்டாள்.

சங்கத்தில் அவர் பேருக்குப் பன்னிரண்டு உப்புப் பாத்தி இருந்தது. சங்க விதிப்படி, தை முதல் தேதிக்குள் வாரிசுச் சான்றிதழ் வந்தால் பாத்தி வாரிசுக்கு. வராவிட்டால் சீட்டுக் குலுக்கி வேறு யாருக்காவது. பதினைந்து வயதிலிருந்து அந்தப் பாத்தியில்தான் அந்தோணிமேரி உப்பு வாருகிறாள். வேறு வேலை அவளுக்குத் தெரியாது.

வாரிசு மெய்தானா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பதற்கென்றே புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது வாரிசு மெய்ப்பு மையம். ஈ.சி.ஆர். சாலை ஓரத்தில் ஓடாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில் அது நடந்தது. மணமகன் அறையில் ஆவணங்கள், மணமகள் அறையில் மேல்முறையீடு. மேடையில் தெர்மாகோல் மயில்களுக்கு நடுவே மெய்ப்பு அலுவலர் ராஜவேல் உட்கார்ந்திருந்தார். கீழே, சாப்பாட்டு மேசையில் கணினியோடு சந்தியா இருந்தாள். கணினிக்குள் மெய்யப்பன் இருந்தார். மெய்யப்பன் என்பது மென்பொருளின் பெயர். ஆனால் மையத்தில் யாரும் 'சார்' போடாமல் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

"இறந்தவர் பேரு?"

"ஆபிரகாம் லிங்கன்."

"என்னவா இருந்தாரு?"

"சங்கத்துல பிரசிடெண்டுங்க."

"வைஃப் பேரு?"

"மேரி."

சந்தியா மூன்றையும் தட்டினாள். மீதி இருபத்தாறு கட்டங்களை மெய்யப்பன் தானாகவே நிரப்பினார். பிறப்பு: 1809, கென்டக்கி. இறப்பு: 1865. காரணம்: தியேட்டரில் துப்பாக்கிச் சூடு.

"ஐயோ, அது இல்லம்மா! எங்கப்பா போன ஐப்பசிலதான் செத்தாரு. அத அழிச்சிடும்மா."

"அழிக்க முடியாதுக்கா," என்றாள் சந்தியா பரிதாபமாக. "மெய்யப்பன் சார் ஒரு தடவ போட்டுட்டாருன்னா போட்டதுதான். திருத்தணும்னா இறந்தவரே நேர்ல வந்து கைரேகை வெக்கணும்."

அந்தோணிமேரி மேடையேறினாள். ராஜவேல் கெட்டவர் இல்லை. அவளை உட்காரச் சொன்னார். உட்கார இருந்தது மணப்பெண்ணின் நாற்காலி மட்டும்தான். அதில் உட்கார்ந்து, மருத்துவமனை கொடுத்த இறப்புச் சான்றிதழை நீட்டினாள்.

ராஜவேல் அதைப் படித்தார். கணினித் தாளையும் படித்தார். வெகு நேரம் யோசித்தார்.

"உங்கப்பாவுக்கு ரெண்டு சாவு இருக்குதும்மா. ஒரு ஆளுக்கு ஒரு சாவுதான் அலவுடு. ரெண்டு இருந்தா எது முதல்ல வந்துச்சோ அதுதான் ஒரிஜினல். போன ஐப்பசியில நடந்தது டூப்ளிகேட்."

"சார், அவரு வேற, எங்கப்பா வேற சார். அவரு அமெரிக்கா. எங்கப்பா திண்டிவனத்தையே நாலு தடவதான் பாத்திருக்காரு."

"பேரு ஒண்ணு. உத்தியோகம் ஒண்ணு. வைஃப் பேரும் ஒண்ணு. மூணு பொருந்தினா போதும்னு ரூல். பத்துப் பொருத்தம் நாங்க கேக்கறதில்ல." அவர் குரல் தணிந்தது. "இன்னொரு சிக்கல் இருக்குது. இறப்பைப் பதிவு பண்ண நூத்தி அறுபது வருஷம் லேட் பண்ணிட்டீங்க. ஏன்னு ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துடுங்க."

அவள் எழுதிக் கொடுத்தாள்: 'அப்போது நான் பிறக்கவில்லை.' மறுநாள் அது சிவப்பு மையில் திரும்பி வந்தது: 'சொந்தக் காரணங்கள் ஏற்கப்படா.' அடுத்த நாள், 'மழை' என்று மட்டும் எழுதினாள். ஏற்கப்பட்டது.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் ஜெரால்டு வாய்விட்டுச் சிரித்தான். அவன் மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். "எங்க மாமனாரு வெள்ளை மாளிகைய என் பேருக்கு எழுதிட்டுப் போயிருக்கலாம்," என்று சவாரி ஏறியவர்களிடமெல்லாம் சொன்னான். மூன்றாம் நாள், மார்கழி எத்தனையாம் தேதி என்று எண்ணிப் பார்த்தவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மார்கழி பத்தாம் தேதி, மெய்யப்பன் பதினான்கு கேள்விகள் அச்சடித்துக் கொடுத்து, நேரில் போய் விசாரிக்கும்படி ராஜவேலுக்கு உத்தரவிட்டார். ராஜவேல் பளபளப்பான பூட்ஸுடன் ஸ்கூட்டரில் உப்பளத்துக்கு வந்தார். வரப்பு என்று நினைத்துக் காலை வைத்த இடம் சேறு. ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சாக்ஸுமாக நின்று விசாரணையைத் தொடங்கினார்.

சாட்சி சொல்ல மூன்று பேர் வந்தார்கள். பாப்பாத்தி, கொளஞ்சியம்மாள், சுப்ராயன். மூவரும் அதே உப்பளத்தில் கூலிக்கு வேலை செய்பவர்கள். அரசு அதிகாரி தங்களைத் தேடிவந்து ஒன்றைக் கேட்பது அவர்களுக்கு இதுவே முதல் தடவை. பாப்பாத்தி தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"காலமான லிங்கன் தாடி வெச்சிருந்தாரா?"

"வெச்சிருந்தாருங்க," என்றான் சுப்ராயன். "வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கிட்டு. மொட்டை போட்டப்போ தாடிய மட்டும் எடுக்க மறந்துட்டாங்க. அப்படியே உட்டுட்டாரு."

'ஆம்' என்று எழுதினார் ராஜவேல். "உயரம் ஆறடி நாலு அங்குலமா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பாத்தி தன் தோளுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள்.

ராஜவேல் கவலைப்பட்டார். பிறகு கடல் பக்கம் பார்த்தார், பாத்திகளைப் பார்த்தார். 'நெடுங்காலம் உப்புநீரில் நின்றதால் சுருக்கம்' என்று எழுதினார்.

"வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை வந்துச்சா? ரெண்டா பிரியாம அவரு காப்பாத்தினாரா?"

"அத ஏன் கேக்குறீங்க!" என்றாள் கொளஞ்சியம்மாள். "வாய்க்கால் தண்ணிக்காக வடக்கு உப்பளத்துக்காரங்க தனிச் சங்கம் வெக்கறேன்னு போனாங்க. நாலு வருஷம் அடிதடி. இவருதான் நடுவுல போயி நின்னாரு. மண்டை ஒடஞ்சுது. ஆனா சங்கம் ஒடையல."

ராஜவேலின் பேனா வேகமெடுத்தது. "எங்க இறந்தாரு?"

"தியேட்டர்லதாங்க," என்றான் சுப்ராயன்.

ராஜவேல் நிமிர்ந்தார். "தியேட்டர்லயா? நிச்சயமா?"

"நாங்க வெளிய பெஞ்சுலதான் ஒக்காந்திருந்தோம். தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரலீங்க."

"சுட்டுதா?"

"பயங்கரமா சுட்டுதுங்க. தொட முடியல. நூத்தி நாலு டிகிரி."

இருபது வருஷ உத்தியோகத்தில் இப்படிப் பொருந்திவந்த கோப்பை அவர் பார்த்ததில்லை. கடைசிக் கேள்வியை மெல்லப் படித்தார்.

"அடிமைகள விடுதலை செஞ்சாரா?"

காற்றில் பாத்தித் தண்ணீர் சலசலத்தது.

"ஆமாங்க," என்றாள் பாப்பாத்தி. "எங்களத்தான்."

அந்தோணிமேரிக்குத் தெரிந்த கதைதான் அது. ஆனால் பாப்பாத்தி வாயால் அவள் கேட்டதில்லை. செஞ்சிப் பக்கத்திலிருந்து கூட்டிவரப்பட்ட மூன்று குடும்பங்களை ஒரு முதலாளி உப்புக் கொட்டகையில் அடைத்து வைத்திருந்தான். இரவானால் வெளியே பூட்டு. பாப்பாத்திக்கு அப்போது பதினோரு வயது.

"லிங்கன் ஐயா மனு மேல மனு எழுதினாரு. ஒண்ணும் நடக்கல. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை போன சனத்த அப்படியே கொட்டகைக்கு வழி திருப்பி உட்டுட்டாரு. ஐந்நூறு பேரு பாட்டுப் பாடிக்கினே வந்து நின்னாங்க. முதலாளியே பயந்துபோயி பூட்டத் தொறந்தான். எங்கம்மா அவரு கால்ல வுழப் போனாங்க. அவரு, 'எழுந்திரும்மா, எம் பொண்ணுக்கு உன் பொண்ணு வயசுதான், அதுகூட வெளையாடட்டும்'னாரு." அவள் அந்தோணிமேரியைக் காட்டினாள். "வந்த அன்னிக்கே எம் முடியப் புடிச்சு இழுத்துச்சு, இது."

ராஜவேல் 'ஆம்' என்று எழுதினார். பிறகு மீதி பூட்ஸையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்து போனார். அந்தோணிமேரி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அப்பா செத்த நாளிலிருந்து வராமல் இருந்த அழுகை.

பதினான்கு கேள்விக்கும் பதில் பொருந்தியதில் மெய்யப்பன் திருப்தியடைந்தார். ஆனால் ஒரு குறை சொன்னார். அமெரிக்கத் தரப்பில் சாட்சி வேண்டும். ராஜவேல், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் குயிலாப்பாளையத்து விடுதி ஒன்றிலிருந்து ஒரு வெள்ளைக்காரரை அழைத்துவந்தார். அவர், தான் பெல்ஜியம் என்று நான்கு முறை சொன்னார். "பக்கம்தான் சார்," என்றார் ராஜவேல். அவருக்கு ஓர் இளநீர் கொடுக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டார்.

பிறகு வந்தது பெரிய குறை. மார்கழி இருபத்திரண்டாம் தேதி ராஜவேலே ஆட்டோ ஸ்டாண்டுக்குத் தேடி வந்தார். அந்தோணிமேரியும் ஜெரால்டும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கப்பாவுக்கு நாலு ஆம்பளப் பிள்ளைங்கன்னு ரெக்கார்டு சொல்லுதும்மா. நீங்க ஒருத்தர்தான் மனு கொடுத்திருக்கீங்க. மீதி மூணு பேரு எங்க?"

"அவருக்கு நான் ஒருத்திதான் சார்."

"அமெரிக்கா லிங்கனோட பிள்ளைங்க எல்லாரும் செத்து நூறு வருஷம் ஆச்சாம் சார்," என்றான் ஜெரால்டு. இந்த மூன்று வாரத்தில் அவன் போனில் நிறையப் படித்திருந்தான். "பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் பாத்துட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தஞ்சோட அந்த வம்சமே முடிஞ்சுபோச்சு."

"சொல்லலாம் தம்பி. ஆனா டெத் சர்ட்டிபிகேட் நம்ம ஃபைல்ல இல்லியே. சர்ட்டிபிகேட் இல்லாதவங்க உயிரோட இருக்கறதா அர்த்தம். மூணு பேரக் கூட்டிட்டு வாங்க. ஆளு இருந்தாப் போதும். ஆணா பொண்ணான்னு கேக்கற கட்டம் போன வாரமே வேல செய்யாம போச்சு."

அவர் கிளம்பிய பிறகு, அந்தோணிமேரி டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"மூணு பேரத் தேடணும்," என்றாள்.

"யாரையாவது நிறுத்திக் கையெழுத்து வாங்கிக்கலாம். அப்பறம் பாத்தி உம் பேருக்கு வந்துடும்ல?"

"வராது. நாலு பேருக்கும் சமமா வரும். சர்ட்டிபிகேட் அப்படித்தான். நான் கேட்டுட்டேன், சந்தியா சொன்னா."

ஜெரால்டு கண்ணாடி டம்ளரை நங்கென்று வைத்தான். "பன்னெண்டு பாத்தியில ஒம்போது போயிடுமா? பைத்தியமா ஒனக்கு? மேரி, வேணாம். மேல எழுதிப் போடலாம். அந்த மணமகள் ரூம்ல அப்பீல் இருக்குதுல்ல?"

"அங்க போய்ப் பாத்தேன். அப்பீலுக்கு வந்த ஒரு பெரியவரு அங்கயே பாய் போட்டுப் படுத்திருக்காரு. ரேஷன் கார்டையே அந்த அட்ரசுக்கு மாத்திட்டாராம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள்.

"பாப்பாத்தி, கொளஞ்சியம்மா, சுப்ராயன். கொட்டகையில இருந்த மூணு வீட்டுக்கு மூணு பேரு."

"அவங்க கூலிக்காரங்கடி."

"முப்பது வருஷமா உப்பு வாருறாங்க. நம்ம பாத்தியில பாதி உப்பு அவங்க வாரினதுதான். குலுக்கல்ல யாருக்கோ பன்னெண்டும் போறதுக்கு, இவங்களுக்கு ஒம்போது போவட்டுமே. எனக்கு மூணு மிச்சம்."

ஜெரால்டு ஆட்டோவைக் கிளப்பினான். கூனிமேடு வரை போய்த் திரும்பிவந்து, இறங்காமலே சொன்னான்: "சுப்ராயன் சனிக்கிழமை ஊருல இருக்க மாட்டான். வெள்ளிக்கிழமைக்குள்ள கூட்டிட்டுப் போயிடு."

மூன்று பேரையும் அவள் மையத்துக்கு அழைத்துப் போனாள். 'காலமானவருடன் உறவு' என்ற கட்டத்தில் என்ன சொல்வது என்று சுப்ராயனுக்குத் தெரியவில்லை. மெய்யப்பன் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. 'மகன்' என்று தானே போட்டுக்கொண்டார்.

எட்டு மாதத்தில் மையம் முடித்த முதல் கோப்பு இது என்பதால், சான்றிதழ் வழங்குவதை விழாவாக நடத்த உத்தரவு வந்தது. மார்கழி கடைசி நாள், மண்டபத்துக்கு வாழைமரம் கட்டினார்கள். நாதஸ்வரம் வாசித்தார்கள். மேடையில் தாடி வைத்த, கன்னம் ஒட்டிய ஒரு வெள்ளைக்காரரின் பிரமாண்டமான படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"யாரு இது, உப்பு வியாபாரியா?" என்று பாப்பாத்தி கேட்டாள்.

"எங்கப்பாவாம்," என்றாள் அந்தோணிமேரி. இருவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கொளஞ்சியம்மாள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கும்பிட்டாள். மாலை போட்ட படத்தைக் கும்பிடாமல் அவளால் இருக்க முடியாது.

மண்டல மெய்ப்பு இயக்குநர் திருமுருகன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இந்த மையம் திறந்த எட்டு மாதங்களில் பதினோராயிரம் மனுக்கள் வந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் தவறாக முடிக்கவில்லை. ஏனென்றால், ஒன்றைக்கூட முடிக்கவில்லை."

முன்வரிசை கைதட்டியது. முன்வரிசையில் இருந்தவர்கள் மையத்து ஊழியர்கள்.

"தாமதம், தாமதம் என்கிறீர்கள். லிங்கன் குடும்பத்தைப் பாருங்கள். நூற்று அறுபது ஆண்டுகள் காத்திருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு புகார் உண்டா? ஒரு முதல்வர் தனிப்பிரிவு மனு உண்டா? அந்தப் பொறுமை நமக்கு வர வேண்டும். சிலர் கேட்கிறார்கள், இறந்தவர்களுக்கு இந்த மையம் என்ன செய்தது என்று. பெருமையோடு சொல்கிறேன், நாங்கள் யாரையும் அவ்வளவு சுலபமாகச் சாகவிடுவதில்லை. இங்கே ஒருவர் சாக வேண்டுமென்றால், அவர் தன் சாவுக்குத் தகுதியானவர் என்பதை நிரூபிக்க வேண்டும். மாமனிதர் லிங்கன் நிரூபித்தார்!"

நாதஸ்வரம் முழங்கியது. பிறகு, வாரிசுகள் சார்பில் மூத்த மகளை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அந்தோணிமேரி மைக்கின் முன்னால் போய் நின்றாள். அவள் இதற்கு முன் மைக்கைத் தொட்டதுகூட இல்லை.

"எங்கப்பாவுக்கு இங்கிலீஷு தெரியாதுங்க," என்று ஆரம்பித்தாள்.

இயக்குநர் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். "என்ன எளிமை!" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"அஞ்சு கிளாஸுதான் படிச்சாரு. ஆனா, யாருக்குமே மனு எழுதிக் கொடுக்காம இருந்ததில்ல. உப்பளத்துல பொம்பளைங்க ஒதுங்க மறைவு இல்லன்னு ரெண்டு வருஷம் எழுதினாரு. எந்த ஆபீசும் பதில் போடல. கடைசியில அவரே தென்னங்கீத்து வாங்கி மறைப்புக் கட்டிக் கொடுத்தாரு. இப்பவும் அதுதான் இருக்குது. நீங்க அவர ரொம்பப் பெரிய ஆளுன்னு சொன்னீங்க. அது நெசம்தாங்க. படம்தான் மாறிப்போச்சு."

இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததால் எல்லோரும் எழுந்தார்கள். ராஜவேல் மட்டும் உட்கார்ந்தபடியே படத்தைப் பார்த்தார். அப்புறம் அந்தோணிமேரியைப் பார்த்தார். பிறகு விடுவிடுவென்று எழுந்துபோய், வேறு யாருக்கும் ஏதும் தோன்றுவதற்கு முன்னால் சான்றிதழில் முத்திரையைக் குத்தி நீட்டினார்.

"ஓடிப்போய்ச் சங்கத்துல கொடுத்துடுங்கம்மா," என்றார் மெதுவாக. "நாளைக்கு தை ஒண்ணு."

ஜெரால்டு ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தியிருந்தான். நான்கு வாரிசுகளும் ஏறிக்கொண்டார்கள்.

சங்கச் செயலாளர் பலராமன் ஆபீசைப் பூட்டிக்கொண்டிருந்தார். மறுபடி திறந்து, சான்றிதழைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் படித்தார். 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முன்னாள் ஜனாதிபதி' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். லிங்கனோடு இருபத்திரண்டு வருஷம் சங்க வேலை பார்த்தவர் அவர். அரசு முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே மனுசன்," என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.

பெயர்களை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். லிங்கன் மகள் அந்தோணிமேரி. லிங்கன் மகள் பாப்பாத்தி. லிங்கன் மகள் கொளஞ்சியம்மாள். லிங்கன் மகன் சுப்ராயன். சுப்ராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவன் சுவரிலிருந்த காலண்டரை ரொம்ப நேரம் படித்தான்.

பொங்கல் முடிந்த மறுநாள் காலை, உப்பு விளையத் தரை கெட்டிப்படும்படி பாத்தி மிதிக்க நான்கு பேரும் போனார்கள். தண்ணீர் வடித்த பாத்தியில் சேறு பதமாக இருந்தது. மூன்று பேர் உள்ளே இறங்கிவிட்டார்கள். பாப்பாத்தி மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பிலேயே நின்றாள். முப்பது வருஷமாக ஒவ்வொரு காலையும், யார் பாத்தியாக இருந்தாலும் அவர்களிடம் கேட்கிறதைக் கேட்டாள்.

"எங்கருந்து ஆரம்பிக்கட்டும்?"

"என்ன ஏன் கேக்குற?" என்றாள் அந்தோணிமேரி. "உன் பாத்தி."

பாப்பாத்தி பன்னிரண்டு பாத்தியையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இறங்கி, ஈசானி மூலைக்குப் போய் நின்று, முதல் மிதி மிதித்தாள். இரண்டாவது மிதித்தாள். மூன்றாவது மிதிக்குள் அவளுக்குக் குரல் வந்துவிட்டது.

"டேய் சுப்ராயா! என்னாடா அது, பூவு மேல நடக்கற மாதிரி? அழுத்தி மிதிடா! ஏ மேரி, வாயப் பாத்துக்கினு நிக்காத, அந்தக் கரை ஒழுகுது பாரு!"

அன்று பொழுது சாயும்வரை அவள் யாரையும் உட்காரவிடவில்லை.